ஈயமும் பிளாற்றினமும்

மலைநாட்டுக்குப் புகை புதியதன்று. கோப்பி அழிந்து தேயிலை பரவிய நாள் முதலாகத் தொழிற்சாலையின் உலர்த்தி அடுப்புகள் விறகைத் தின்று புகையைக் கக்கி வந்திருக்கின்றன. லயத்துக் காம்பராக்களின் கூரையிடுக்குகளிலிருந்து காலையும் மாலையும் எழுந்த அடுப்புப் புகை மலைச்சரிவின் மூடுபனியோடு கலந்து நின்றது. 1884 ஆம் ஆண்டில் அட்டனுக்கும், அடுத்த ஆண்டில் நானுஓயாவுக்கும் இருப்புப்பாதை வந்து சேர்ந்தபோது அதில் ஓடிய வண்டிக்குப் புகையிரதம் என்றே பெயர் வழங்கிற்று. 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்து நீராவி எஞ்சின்களை மெல்ல மெல்ல ஒதுக்கிய பின்னரும் அப்பெயர் மாறவில்லை. இப்புகைகளெல்லாம் கண்ணுக்குத் தெரிவன, கண்ணைக் கரிப்பன, ஆகவே மனிதன் அவற்றினின்று விலகி நிற்கக் கற்றுக்கொண்டான். இவற்றின் பின்னர் வந்த மோட்டார் வண்டியின் புகையோ வேறு இயல்பினது. அதன் மிகத் தீய பகுதி நிறமற்றது. அதிலும் கொடியதொன்றுக்கு மணமும் இல்லை.

குளிர்ந்த காலை வேளையில் நுவரெலியாக் கடைத்தெருவில் நிற்கும் ஒரு வண்டியின் பின்புறக் குழாயிலிருந்து வெண்மையாக எழுவதைக் கண்டு, அதுவே நஞ்சு எனப் பலர் முகத்தைத் திருப்புவர். அது பெரும்பாலும் நீராவியே. பெற்றோல் எரிந்தால் நீரும் காபனீரொட்சைட்டும் உண்டாகும். அந்நீர் குளிர்காற்றிற் பட்டு வெண்புகையாகத் தோன்றுகின்றது. அஞ்சத்தக்கவை மூன்று. அரைகுறையாக எரிந்த பெற்றோலிலிருந்து பிறக்கும் காபனோரொட்சைட்டு முதலாவது; அது குருதியிலுள்ள செந்நிறப் பொருளைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடமில்லாமற் செய்வது. எரியாமலே வெளியேறும் ஐதரோகாபன்கள் இரண்டாவது. எஞ்சினுள்ளே எழும் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனே எரிந்து உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகள் மூன்றாவது.

இவற்றின் அளவை மலை கூட்டுகின்றது. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு நிறையில் 14.7 பங்கு காற்று வேண்டும். கொழும்பிலே இக்கணக்குக்கேற்பச் சீர்செய்யப்பட்ட பழைய காபரேற்றர் வண்டியொன்று, கினிகத்தேனை ஏற்றத்தைக் கடந்து அட்டனுக்கும், அதன்மேல் தலவாக்கலை வழியே நுவரெலியாவுக்கும் ஏறும்போது காற்று வரவர மெலிகின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே காற்றின் அமுக்கம் கரையோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. காபரேற்றரோ மெலிந்த காற்றுக்கேற்பப் பெற்றோலைப் போதிய அளவு குறைக்க அறியாது. ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகையான பெற்றோல் எஞ்சினுட் சென்று, எரிவதற்குக் காற்றில்லாமல் காபனோரொட்சைட்டாக வெளியேறும். மலையேறிய வண்டி ‘இழுக்கவில்லை’ என்று சாரதிமார் குறைப்பட்டதற்குக் காரணம் இதுவே. இழுக்காத வண்டி எதைக் கக்கிற்று என்பதை அக்காலத்தில் எவரும் அளந்து பார்க்கவில்லை.

இந்த நச்சு வாயுக்களை வண்டியை விட்டு வெளியேறுமுன் தீங்கற்றவையாக மாற்றுகின்ற கருவியொன்று இன்று உலகின் பெரும்பாலான பெற்றோல் மோட்டார் வண்டிகளின் அடியிலே பொருத்தப்பட்டிருக்கின்றது. ஊக்கி மாற்றி என்பது அதன் பெயர். அதன் தத்துவத்தை அறிவதற்கு மலைநாட்டவர் வேதியியற் கூடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாற் போதும்.

வாட்டிய கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் நசுங்கிய பின்னர், மேசையிலோ தரையிலோ பரப்பப்பட்டுச் சிறிது நேரத்துக்குள் பச்சை நிறம் நீங்கிச் செப்பு நிறம் கொள்கின்றது. இதனைத் தோட்டத்தார் புளிப்பு என்பர். உண்மையில் இது புளித்தலன்று. இலையின் சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்தலே. பறிக்காமற் செடியில் நிற்கும் இலையும் அதே காற்றில்தான் நிற்கின்றது. ஆயின் அது சிவப்பதில்லை. இலைக்குள் வெவ்வேறு அறைகளிற் பிரிந்து கிடந்த சாறும் நொதியமும் இலை நசுங்கும்போது ஒன்றுகூடுகின்றன. அந்நொதியம் சாற்றையும் ஒட்சிசனையும் சேர்த்து வைக்கின்றது. ஆனால் தான் செலவாவதில்லை. சேர்த்து வைத்த பின் விலகி, அடுத்த இணையைச் சேர்க்கச் செல்கின்றது. கலியாணத் தரகனைப் போன்றதென்று கூறலாம். தரகன் கூலி பெறுவான், நொதியம் அதுவும் பெறுவதில்லை. இவ்வாறு தான் குறையாமற் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவதே ஊக்கி. 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலைக்கு அருகே சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சிறீரங்காச்சார் என்னும் உயிர்வேதியியலாளர் இந்த நொதியத்தை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். அதன் நடுவிலே செம்பு அணு இருப்பது இன்று எல்லோரும் அறிந்த செய்தி. ஆகவே தேயிலையிலும் ஊக்குவது ஓர் உலோகமே. வேறுபாடு ஒன்றுண்டு. தேயிலையின் நொதியம் உலர்த்தியின் சூட்டில் இறந்துவிடும்; அதை இறக்கச் செய்து சிவப்பை வேண்டிய அளவில் நிறுத்துவதே உலர்த்தியின் முதல் வேலை. மோட்டார் வண்டியின் ஊக்கியோ சூடேறிய பின்பே விழித்தெழுவது.

உலோகம் இவ்வாறு ஊக்கியாக நிற்கும் என்பதைக் கண்டவர், சுரங்கத் தொழிலாளருக்குக் காவல் விளக்கு அமைத்துக் கொடுத்த ஆங்கில அறிஞர் ஹம்ப்ரி டேவி. 1817 ஆம் ஆண்டில், நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த கலவையிற் சூடான பிளாற்றினக் கம்பியை வைத்தபோது, சுவாலையே இல்லாமற் கம்பி தணலாக ஒளிர்வதை அவர் கண்டார். வாயு எரிந்துகொண்டிருந்தது, நெருப்பு மட்டும் இல்லை. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பொதுப்பெயரொன்றை 1835 ஆம் ஆண்டிற் சூட்டியவர் சுவீடன் தேசத்து பெர்சீலியஸ். நெருப்பில்லாமல் எரிக்கும் இவ்வுலோகத்தை வண்டியின் புகைக்குழாயில் வைக்கலாம் என்ற எண்ணம் பயன் தரும் உருக்கொள்ள மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அதுவரை புகைக்குழாயைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை என்பதே காரணம்.

கவலை பிறந்த இடம் கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த அந்நகரத்தின் மேல் 1940களில் மஞ்சட் புகைமூட்டமொன்று கவியத் தொடங்கிற்று. கண்கள் எரிந்தன, கீரைப் பயிர்கள் கருகின, இறப்பர்ப் பொருள்கள் வெடித்துப் பிளந்தன. அக்காலத்தில் அங்கே அன்னாசிப் பழத்தின் மணம் எப்பொருள்களால் ஆனதென்று ஆராய்ந்துகொண்டிருந்தார் ஹாகன்-சிமித் என்ற ஒல்லாந்த நாட்டு உயிர்வேதியியலாளர். பழத்தின் மணத்தைக் குளிர்வித்துப் பிடிக்கும் அதே முறையால் அவர் நகரத்தின் காற்றையும் பிடித்துப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட முடிவு பலருக்கு உவப்பானதாயில்லை: வண்டிகள் விடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலிற் சேர்ந்து ஓசோன் முதலிய நச்சுக்களை வானத்திலேயே சமைக்கின்றன என்பதே அம்முடிவு. எண்ணெய் வணிகர் அதை மறுத்தனர். உண்மை அவர் பக்கமே இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவிற் குடியேறியிருந்த பிரெஞ்சுப் பொறியியலாளர் இயூஜின் ஹூட்ரி, கச்சா எண்ணெயை ஊக்கியினாற் பிளந்து உயர்ந்த பெற்றோல் எடுக்கும் முறையைக் கண்டு பெரும்புகழ் பெற்றிருந்தார். பெற்றோலைப் பெருக்கிக் கொடுத்த அவரே, அதன் புகை மனிதரின் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்ற அச்சத்தையும் கொண்டார். புகைக்குழாயிற் பொருத்தும் ஊக்கிக் கருவியொன்றை அமைத்து 1956 ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பண்டசாலைகளிற் சுமை தூக்கும் சிறு வண்டிகளில் அது செவ்வனே வேலை செய்தது. தெருவில் ஓடும் வண்டியிற் பொருத்தியபோதோ சில நாளில் மலடாயிற்று. 1962 ஆம் ஆண்டில் அவர் காலமானபோதும் நிலை மாறவில்லை. கருவியிற் குற்றமில்லை, குற்றம் பெற்றோலில் இருந்தது. அதிலே ஈயம் இருந்தது.

ஈயம் பெற்றோலுக்குள் வந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுமாறு கலவையை மிக இறுக்கினால், அது வேளைக்கு முன்னரே வெடித்து உருளைகளைச் சம்மட்டி கொண்டு அடித்தாற்போலத் தட்டும். மலையேறும் சாரதிகளுக்கு அவ்வொலி நன்கு பழக்கமானது. இதற்கு மருந்து தேடிய தோமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் பல பொருள்களைச் சோதித்து, 1921 ஆம் ஆண்டு டிசம்பரில் ஈயச் சேர்மமொன்றைக் கண்டார். மிகச் சிறிதளவு சேர்த்தாலே தட்டுதல் நின்றது. 1923 ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. விற்பனைப் பெயரிலே ஈயம் என்ற சொல் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டிலேயே அதைச் செய்யும் ஆலைகளில் தொழிலாளர் சிலர் அறிவு கலங்கிப் பிதற்றி மாண்டனர். மிட்ஜ்லியே ஈயத்தினால் நோயுற்று ஓய்வெடுக்க நேர்ந்தவர். ஈயம் நஞ்சென்பது அன்று அறியப்படாத செய்தியன்று. பழைய உரோமர் காலத்திலிருந்தே அறியப்பட்டது. எனினும் ஆலைக்குள்ளே கூடாது என்றதைத் தெருவெங்கும் தூவலாம் என்று உலகம் இணங்கிற்று. அரை நூற்றாண்டுக் காலம் வண்டி ஓடிய நாடெல்லாம் ஈயத்தூள் படிந்தது.

அதன் தீங்கை எண்களில் எடுத்துக் காட்டியவர், பூமியின் வயதைக் கணித்த கிளேர் பாற்றர்சன். கற்களிலுள்ள ஈயத்தை நுணுகி அளக்க முயன்ற அவருக்கு, ஆய்வுகூடத்தின் தூசியிலும் கைகளிலும் தலைமயிரிலும் இருந்த ஈயம் ஓயாத தொல்லை கொடுத்தது. இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். ஆழ்கடலின் மேல் நீரிலும் துருவத்துப் பனிக்கட்டியின் புதிய படைகளிலும் பழையவற்றைக் காட்டிலும் மிகுந்த ஈயம் இருக்கக் கண்டு, அதை வெளிப்படையாக எழுதினார். 1979 ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர், சிறுவரின் விழுந்த பாற்பற்களில் ஈயத்தை அளந்து, அது மிகுந்திருந்த பிள்ளைகளின் அறிவுத்திறனும் கவனமும் குன்றியிருந்ததைக் காட்டினார். நோய் என்று பெயர் சூட்ட முடியாத அளவிலேயே இக்குறை நேர்ந்துவிடுகின்றது என்பதுதான் அதன் கொடுமை. வகுப்பிலே மந்தமாயிருக்கும் பிள்ளையை ஆசிரியர் கடிந்துகொள்வார். தெருவோரத் தூசியைக் கடிந்துகொள்வாரில்லை.

ஈயம் மனிதருக்கு நஞ்சு என்பதனோடு, ஊக்கிக்கும் நஞ்சு. பிளாற்றினம் தன் மேற்பரப்பினால் மட்டுமே வேலை செய்வது. புகையோடு வரும் ஈயம் அப்பரப்பின்மேற் படிந்து மூடினால், உள்ளே எவ்வளவு பிளாற்றினம் இருந்தும் பயனில்லை. நாலைந்து தாங்கி நிறைந்த ஈயப் பெற்றோலே ஒரு கருவியைக் கெடுக்கப் போதுமானது.

இந்நிலையில் 1970 ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தூய காற்றுச் சட்டம் நிறைவேறிற்று. சில ஆண்டுகளுள் வண்டிப் புகையின் நச்சு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறையவேண்டும் என்று அது கட்டளையிட்டது. அதற்கான கருவி அப்போது எவரிடமும் இல்லை. சட்டம் முன்னே சென்று பொறியியலைப் பின்னே வரச் செய்த அரிய நிகழ்ச்சி இது. கண்ணாடித் தொழில் வல்லுநரான பாக்லி, லாக்மன், லூயிஸ் என்னும் மூவர், ஆயிரக்கணக்கான நுண்ணிய குழாய்கள் தேனடைபோல நெருங்கி நிற்கும் பீங்கான் கட்டியொன்றை வார்த்தெடுத்தனர். அதன் சுவர்களின் மேல் அலுமினா என்னும் பொருள் பூசப்படும். கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் அப்பூச்சு நுண்ணளவிலே மேடும் பள்ளமுமாகி, விளையாட்டு மைதானங்கள் பலவற்றின் பரப்பை ஒரு கைப்பிடிக்குள் அடக்கி வைத்திருப்பது. அதன் மேலே தூவப்படும் பிளாற்றினமும் அதன் இன உலோகங்களும் மொத்தத்திற் சில கிராமுக்கு மேற்படுவதில்லை. 1975 ஆம் ஆண்டு மாதிரி அமெரிக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் இது பொருத்தப்பட்டது.

இந்த இடத்திலேதான் வரலாறு ஒரு விசித்திரமான வழியைப் பிடித்தது. 1973 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஈயத்துக்கெதிராக இரண்டு விதிகளை வெளியிட்டது. ஒன்று, ஊக்கி மாற்றியைக் காப்பதற்காக ஈயமில்லாப் பெற்றோலும் நிலையங்களில் விற்கப்படவேண்டும் என்பது. மற்றொன்று, மக்களின் உடல்நலத்துக்காக எல்லாப் பெற்றோலிலும் ஈயம் படிப்படியாகக் குறைக்கப்படவேண்டும் என்பது. முதல் விதி 1974 ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது விதியை ஈய வணிகர் வழக்குமன்றத்துக்கு இழுத்தனர். 1976 ஆம் ஆண்டிலேதான் அது நிலைபெற்றது. பிள்ளைகளின் மூளைக்காக ஈயத்தை நீக்குவதிலும் பிளாற்றினத்தின் நலனுக்காக நீக்குவது எளிதாயிருந்தது. எனினும் பயன் பிள்ளைகளுக்கே கிட்டிற்று: 1976 முதல் 1980 வரையிலான நான்கு ஆண்டுகளுள் அமெரிக்க மக்களின் குருதியில் ஈயம் நூற்றுக்கு 37 பங்கு குறைந்தது.

முதலில் வந்த கருவி காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் எரித்து முடிப்பதோடு நின்றது. நைதரசன் ஒட்சைட்டு எரிப்பதனால் ஒழிவதன்று. அதினின்று ஒட்சிசனைப் பிடுங்கவேண்டும். ஒரே அறையில் ஒரு பொருளுக்கு ஒட்சிசனைக் கொடுக்கவும் மற்றொன்றிடமிருந்து பறிக்கவும் வேண்டுமென்றால், அது முரணான வேலையாகத் தோன்றும். நியூ ஜெர்சியில் ஜோன் மூனி, கார்ல் கீத் என்னும் பொறியியலாளர் தலைமையில் 1970களில் உருப்பெற்ற மும்முனை ஊக்கி இம்முரணைத் தீர்த்தது. நைதரசன் ஒட்சைட்டிடமிருந்து உரோடியம் பறிக்கும் ஒட்சிசனையே பிளாற்றினமும் பலேடியமும் மற்ற இரண்டுக்கும் கொடுக்கின்றன. வெளியேறுவன நைதரசன், காபனீரொட்சைட்டு, நீர் ஆகியன. ஆனால் கொடுக்கல் வாங்கற் கணக்கு நேராக வேண்டும். பெற்றோலுக்குக் காற்று 14.7 பங்கு என்ற அளவினின்று சிறிது விலகினாலும் கணக்குப் பிழைத்துவிடும். ஆகவே புகைக்குழாயிலே ஒட்சிசனை உணரும் நாவொன்றை வைத்து, அது சொல்லும் செய்திப்படி நொடிதோறும் பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் விடும் ஏற்பாடு தேவைப்பட்டது. 1976 ஆம் ஆண்டில் ஜெர்மனியிற் செய்யப்பட்ட அவ்வுணரி, 1977 மாதிரி வொல்வோ வண்டியில் முதன்முதலாகக் கலிபோர்னியாத் தெருக்களில் ஓடிற்று.

மலைநாட்டுக்கு இவ்வுணரி எதிர்பாராத நன்மையொன்றையும் செய்தது. காற்று மெலிந்தால் அது அதனை உணர்ந்து பெற்றோலைக் குறைக்கச் சொல்லும். இத்தகைய வண்டி காலி முகத்திலும் நானுஓயாவிலும் கலவையைச் சரியாகவே கலக்கும். உயரத்தின் தண்டனையாக இருந்த அந்தப் பத்துப் பங்கு மிகைப் பெற்றோல் இதனால் நீங்கிற்று.

ஆசியாவில் இக்கருவியை முந்தி ஏற்ற நாடு ஜப்பான். அங்கே சாதாரணப் பெற்றோல் 1975 ஆம் ஆண்டிலேயே ஈயம் நீங்கிற்று. இந்தியாவில் 1995 ஏப்பிரல் முதலாந் தேதி தொடக்கம், தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களிலும் விற்கப்படும் புதிய பெற்றோல் வண்டிகளுக்கு ஊக்கி மாற்றி கட்டாயமாயிற்று. 2000 ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோல் நாடு முழுவதிலும் ஒழிந்தது. இலங்கையிலோ 1977 ஆம் ஆண்டில் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்ட பின்னர், ஜப்பானில் ஓடிப் பழகிய வண்டிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. கருவியோடு வந்த வண்டிக்கு இங்கே கிடைத்ததோ ஈயப் பெற்றோல். அமெரிக்காவில் ஈயப் பெற்றோற் குழலின் வாய் நுழைய முடியாதபடி அத்தகைய வண்டிகளின் தாங்கிக் கழுத்து ஒடுக்கப்பட்டிருந்தது; அந்தக் காவல் இல்லாத நாட்டில் கருவியைக் காப்பார் எவர்? ஈயம் குடித்த தேனடை, வண்டியின் அடியில் வெறும் பாரமாகத் தொங்கவேண்டியதுதான். 2002 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கையில் ஈயப் பெற்றோல் விற்பனை நிறுத்தப்பட்டது. ஹூட்ரி உரிமைப் பத்திரம் பெற்று 46 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அவர் நினைத்த கருவி இத்தீவின் மலைப்பாதைகளில் தன் வேலையைச் செய்யத் தகுந்த நிலை பிறந்தது.

2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வாகனப் புகைச் சோதனை தொடங்கியது. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு ஆண்டுதோறும் இச்சோதனையிற் தேறவேண்டும். பெற்றோல் வண்டியின் குழாயிலே கருவியொன்றைச் செருகிக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளப்பர். டீசல் வண்டியின் புகை எவ்வளவு ஒளியை மறைக்கின்றது என்று பார்ப்பர். நல்ல ஏற்பாடே. ஆயின் பெற்றோல் வண்டி நின்ற நிலையில், பாரமின்றி அளக்கப்படுகின்றது. இறம்பொடை வளைவுகளில் ஆறு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் முக்கி ஏறும் நிலை வேறு. எஞ்சின் முழு வலிமையையும் காட்டவேண்டிய அவ்வேளையில், உருளைகளைச் சூட்டினின்று காப்பதற்காகப் பல வண்டிகள் வேண்டுமென்றே பெற்றோலைக் கூட்டிக்கொள்ளும். அப்போது ஊக்கிக்கு ஒட்சிசன் போதாது. காபனோரொட்சைட்டு தப்பிச் செல்லும். ஏப்பிரல் மாதத்து வசந்த காலத்தில் நுவரெலியாவை நோக்கி அணிவகுத்து ஏறும் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

குளிரும் ஒரு தடை. ஊக்கி 250 பாகை அளவுக்குச் சூடேறிய பின்பே வேலையைத் தொடங்குவது. விடியற்காலையில் உறைபனிக்கு அண்மித்த குளிரில் எழுப்பப்படும் வண்டி, பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட்டு இரண்டு மைலுக்குள் திரும்பிவிடுமாயின், அந்தப் பயணத்தின் நச்சிற் பெரும்பங்கு கருவி விழித்துக்கொள்ளும் முன்னரே வெளியேறியிருக்கும். தீப்பொறிச் செருகி பழுதாகி எரியாத பெற்றோல் தேனடைக்குள் சென்றாலோ, அங்கே எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். பழுதுபார்க்கும் கடையிற் சிலர், “அடைத்துக்கொண்டது, கழற்றிவிடலாம்” என்று இலகுவாகக் கூறுவர். கழற்றிய கருவியின் உலோகத்துக்கு நல்ல விலையுண்டு என்பதையும் அவர்கள் அறிவர். 2021 ஆம் ஆண்டிலே உரோடியத்தின் விலை தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தபோது, மேல்நாடுகளில் நிறுத்திவைத்த வண்டிகளின் அடியிலிருந்து இக்கருவிகளை அறுத்துக்கொண்டு போவதே ஒரு களவுத் தொழிலாயிற்று.

இவ்வளவும் பெற்றோல் வண்டியின் கதை. மலைநாட்டின் தெருக்களிலே பாரத்தை இழுப்பனவும், தோட்டத்து மக்கள் ஏறிச் செல்வனவும் டீசல் வண்டிகளே. கொழுந்து ஏற்றும் லொறியும், தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் லொறியும், அட்டன் பஸ் நிலையத்திலிருந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் புறப்படும் பஸ்களும் டீசலில் ஓடுவன. டீசல் எஞ்சின் வேண்டியதற்கு மேற்பட்ட காற்றை உட்கொள்வது. ஆகவே அதன் புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருக்கும். மிஞ்சிய ஒட்சிசன் இருக்குமிடத்தில் உரோடியத்தால் நைதரசன் ஒட்சைட்டிடமிருந்து ஒட்சிசனைப் பறிக்க இயலாது. மும்முனை ஊக்கி அங்கே பயன்படாது. கரியைப் பிடிப்பதற்கு வடிகட்டியும், நைதரசன் ஒட்சைட்டுக்கு வேறு கருவியும் வேண்டும். அவை நிலைத்து வேலை செய்யக் கந்தகம் நீக்கப்பட்ட டீசல் வேண்டும். ஏனெனில் பெற்றோலில் ஈயம் செய்ததைப் போலவே டீசலிற் கந்தகம் ஊக்கியைக் கெடுக்கின்றது. மலையேறும் பஸ்ஸின் பின்னே கரும்புகை எழக் காண்போர், ஊக்கி மாற்றி இன்னும் எட்டாத ஒரு பகுதியைக் காண்கின்றனர்.

முச்சக்கர வண்டியின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. முன்னர் வந்த ஈரடிப்பு எஞ்சின் வண்டிகள், உட்கொண்ட பெற்றோலிற் கணிசமான பங்கை எரிக்காமலே மசகெண்ணெயோடு சேர்த்து வெளியே தள்ளின. அவற்றின் நீலப் புகையை மறந்தவர் இலர். 2008 ஆம் ஆண்டிலிருந்து அவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்டு, நாலடிப்பு எஞ்சின் வண்டிகளே வரலாயின. அங்கே பயன் தந்தது ஊக்கியன்று, எஞ்சினின் மாற்றமே.

ஊக்கி மாற்றி செய்யாத ஒன்றையும் குறிப்பிடவேண்டும். அது காபனைக் குறைப்பதில்லை. காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக மாற்றி விடுகின்றது. உடனே கொல்லும் நஞ்சு நீங்கிற்று, பூமியைச் சூடாக்கும் வாயு மிஞ்சிற்று. பருவமழை தவறுவதையும் கொழுந்து வரவு மாறுவதையும் கண்டு கவலைப்படும் தோட்டங்களுக்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. ஆயின் அதற்கு மருந்து வேறு இடத்தில் உள்ளது.

உலகில் ஈயப் பெற்றோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021 ஆம் ஆண்டு யூலையில் அதை நிறுத்திற்று. மிட்ஜ்லியின் கண்டுபிடிப்புக்கு அப்போது நூறாவது ஆண்டு. காபனோரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டும் காற்றிலே நாளடைவிற் கலைந்து மாறிப்போகும். ஈயம் மாறுவதில்லை, அது தனிமம். மழை அதை வானத்திலிருந்து இறக்கும். இலைமக்கு நிறைந்த மேல்மண் அதைப் பற்றிக்கொள்ளும். ஆண்டுகள் பல சென்றும் அது ஆழத்துக்கு இறங்குவது மிகச் சிறிதே. நாட்டின் பெருந்தெருக்களை ஒட்டி, 2002 ஆம் ஆண்டுக்கு முன்னர் ஓடிய வண்டிகள் விட்ட ஈயம், வேலியோரத்துச் சில அங்குல மண்ணிலே கிடக்கின்றது. மலைநாட்டில் அம்மண்ணைக் கொத்தி லயத்து மக்கள் கோவாவும் லீக்ஸும் நடுகின்றனர். அதே மண்ணில் அவர்களின் பிள்ளைகள் விளையாடுகின்றனர்.